ஆபீஸ் திடலில் ஒத்திகை

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் ஆபீஸ் திடலைச் செருப்புக் காலோடு யாரும் தாண்ட மாட்டார்கள். திடலின் ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும். அதைத் திடல் முனி என்பார்கள். கோல சிலாங்கூருக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிக்காரன்கூட அந்த இடத்தில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடும். ஏன் என்று கேட்டால் முனி அடிச்சிடும் என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

தாயம்மாவுக்குத் தெரியும். அந்தக் கல்லுக்குக் கீழே முனியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது அவளுடைய அப்பா ரெங்கசாமி குண்டடிபட்டு விழுந்த இடம்.

நாற்பத்தொன்றாம் வருஷம், ஜப்பான்காரன் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு நடந்தது. அப்போது அவள் பாவாடை கட்டிய சிறுமி. சம்பளம் கூட்டிக் கேட்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டுக் குதிக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லியும் தோட்டமே வேலையை நிறுத்தியிருந்தது. வேலைநிறுத்தத் தலைவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று கேள்விப்பட்டு, அவனை விடச் சொல்லிக் கேட்கக் கூட்டமாக ஆபீசுக்கு நடந்தார்கள். ஆபீஸ் வாசலில் பட்டாளம் நின்றது. பியூகிள் ஊதினார்கள். ஏதோ துணியை விரித்தார்கள். அதில் எழுதியிருந்ததைப் படிக்கக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருந்த ரெங்கசாமி, பேசிப் பார்க்கலாம் என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். வாயைத் திறப்பதற்குள் ஒரு வெள்ளைக்காரக் குரல் ஒரே ஒரு சொல் சொன்னது. மற்றவர்கள் அப்படியே தரையோடு தரையாகக் குப்புற விழுந்து உயிர் தப்பினார்கள்.

செத்த இடத்தில் உட்கார்ந்து அழக்கூட ஆபீசில் விடவில்லை. தாயம்மாவின் அம்மா கெட்டிக்காரி. ஒரு கல்லை நட்டு மஞ்சளைப் பூசி, முனி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். சாமி என்றதும் துரையும் பயந்துகொண்டு விட்டுவிட்டார். பிறகு ஜப்பான்காரன் வந்தான், விஷயம் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேரைச் சயாம் ரயில் போட அள்ளிக்கொண்டு போனான். போனவர்கள் திரும்பவில்லை, பொய் மட்டும் தங்கி நிஜச் சாமியாகிவிட்டது. இப்போது உண்மை தெரிந்தவர்கள் தாயம்மாவும் அன்று கூட்டத்தில் இருந்த கிழவர் சன்னாசியும்தான். சன்னாசிக்கு ஞாபகம் தப்பிவிட்டது, பெற்ற மகளையே செத்துப்போன பெண்டாட்டி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

தாயம்மா தன் மகன் சேதுவிடம்கூட, தாத்தா மலேரியாவில் போனார் என்றே சொல்லி வளர்த்தாள். அவன் போலீசில் சேர்ந்தபோது தொழிலாளர் லயமே ஆடு வெட்டிக் கொண்டாடியது. அவளும் எல்லோருக்கும் சோறு போட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு வேண்டுதல். அந்தச் சொல், அந்த ஒற்றைச் சொல், தன் மகன் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. சுங்கை பெசார் ஸ்டேஷனில் அவன் திருட்டு சைக்கிள் தேடிக்கொண்டிருந்த வரைக்கும் நிம்மதியாக இருந்தாள். கலகத் தடுப்புப் படைக்கு மாற்றிவிட்டார்கள் என்று வந்து நின்ற நாளிலிருந்து, திடலைத் தாண்டும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் பியூகிள் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போகும் பெண்கள் மட்டும் வாளியோடு வந்துகொண்டிருப்பார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேது கோப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

"வெளிநாட்டு போலீசு ஆபிசருங்க வந்துருக்காங்கம்மா, பயிற்சிக்கு. நம்ம ஆபீஸ் திடல்லதான் கடைசி நாள் ஒத்திகை. பழைய ஆபீஸ் சும்மாதானே பூட்டிக் கெடக்குதுன்னு நாந்தான் எடத்த சொன்னேன்."

"எந்த ஊரு போலீசு?"

அவன் ஒரு பெயரைச் சொன்னான். தாயம்மாவின் வாயில் அது நுழையவில்லை.

"அங்க இத்தன நாளும் பட்டாளத்தான் ஆட்சி. போலீசு, பட்டாளம் எல்லாம் ஒண்ணுதான். கூட்டத்த கண்டா சுட்டுருவானுங்க. எத்தன குண்டு, யாரு சுட்டா, ஒரு கணக்கும் கெடையாது. இப்ப ஆட்சி மாறிருச்சு. நாலஞ்சு நாடு சேந்து அவனுங்கள திருத்துறாங்க. ஒரு நாடு காசு குடுக்குது, ஒரு நாடு வண்டி குடுக்குது, பயிற்சி நம்ம நாடு."

"சுடச் சொல்லிக் குடுக்குறதா திருத்துறது?"

"சுடாம இருக்கத்தாம்மா சொல்லிக் குடுக்குறோம். கேடயம், தடி, தண்ணி, பொக, எல்லாம் பாத்துட்டு ஒண்ணும் முடியலன்னாதான் கடைசியா அது. அதுக்கும் மொற இருக்கு. பியூகிள் ஊதணும், துணிய விரிச்சுக் காட்டணும், மூணு தரம் எச்சரிக்கணும். அப்பறமும் போகலன்னா முன்னால நிக்கிற ஒரே ஆளு, ஒரே குண்டு. சுட்ட காலித் தோட்டாவ பொறுக்கி மேலதிகாரி கையில கணக்குக் குடுக்கணும்."

தாயம்மா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"சுடச் சொல்லி யாரு சொல்றது?"

"செஞ்சு காட்டுறது நாந்தாம்மா. அப்பறம் அவங்க ஒவ்வொருத்தரா செய்வாங்க. ஈயம் இல்லாத தோட்டா, வெறும் சத்தம்தான் லா. இது நல்லா வந்துச்சுன்னா சார்ஜன் பட்டை கெடைக்கும்னு இன்ஸ்பெக்டர் ஆர்தர் சார் சொல்லியிருக்காரு."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். பட்டை என்றபோது மகன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினாள். பிள்ளை பிழைப்பில் மண்ணைப் போட எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும்? சரி, வெறும் சத்தம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதை நம்பத்தான் முடியவில்லை.

கலகக்காரர்களாக நடிக்க ஆள் பிடிக்கும் பொறுப்பு, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமிக்கு. வருகிறவர்களுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் என்று அறிவித்தார். லயமே திரண்டு வந்துவிட்டது. துரை முன்னால் ஒருநாளும் வாய் திறந்திராத ஆட்கள், கத்துவதற்குச் சம்பளம் என்றதும் தொண்டை கிழியக் கத்திப் பழகினார்கள். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கட்டி, கல்லுக்குப் பதில் எறிய வைத்துக்கொண்டார்கள். சன்னாசிக் கிழவரையும் மகள் கைப்பிடித்துக் கூட்டி வந்து மர நிழலில் உட்கார வைத்திருந்தாள். வீட்டில் தனியாக விட்டால் எங்காவது போய்விடுவார்.

லாலான் புல் மண்டிக் கிடந்த திடலை முதல் நாளே டிராக்டர் விட்டுச் சுரண்டியிருந்தார்கள். பழைய ஆபீஸ் வாசலில் போலீஸ் வரிசை. நடுவில் சேது. அவனுக்குப் பின்னால் வராந்தாவில் நாற்காலி போட்டு ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். உதவி செய்யும் நாடுகளில் ஒன்றிலிருந்து பார்வையிட வந்தவராம். பாவம், அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் அந்த வராந்தாவில் அந்தத் தொப்பியைத் தாயம்மா திரும்பத் திரும்பப் பார்த்தாள். எல்லோரும் அவரவர் பழைய இடத்தில் வந்து நின்றுகொண்டது போலிருந்தது. சிவப்புத் துண்டு ஒன்றுதான் பாக்கி.

அதுவும் வந்தது. சுடப்பட்டு விழப்போகிறவனுக்கு அடையாளமாக நல்லசாமி ஒரு சிவப்புத் துணியைக் கொண்டுவந்து பாலகிருஷ்ணன் கையில் கொடுத்தார். அவன் லயத்துக் கோமாளி, விழுந்து காட்டச் சரியான ஆள். ஆனால் அவன் பெண்டாட்டி கங்கா மேடிட்ட வயிற்றோடு வந்து துணியைப் பிடுங்கினாள்.

"மாசமா இருக்கறவ புருசன பொணமா நடிக்கச் சொல்றீங்களா மண்டோரே? அதுவும் முனி கண்ணு முன்னால?"

நல்லசாமி வேறு ஆளைத் தேடினார். முனியின் எதிரில் செத்துக் காட்ட ஒருவரும் தயாராக இல்லை. அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள்.

"இங்க குடு, நல்லசாமி," என்றாள் தாயம்மா.

"தாயம்மாக்கா, நீங்களா? தலைவனா ஆம்பள நிக்கணும்னு சொன்னாங்க."

"குண்டுக்கு ஆம்பள பொம்பள தெரியுமா? குடு."

அவள் அந்தத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டாள். வெயிலுக்கு மறைப்பாகத் துண்டை நெற்றிவரை இழுத்துவிடும் பழக்கம், அப்படியே இழுத்துவிட்டாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தன்னைப் பார்த்தால் அவன் வாய் அடைத்துப் போகும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் இருந்தது.

ஒத்திகை தொடங்கியது. கூட்டம் கூச்சலோடு நகர்ந்தது. மரத்தடிக்கு வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வரிசையாக விட்டு, கல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மறுபடி கத்த ஆரம்பித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஆர்தர் கெர்லிங் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒலிபெருக்கியில் தமிழிலேயே கத்தினார். "கலகம் பண்றவன் செருப்ப கழட்டி வச்சிட்டா வருவான்? மாட்டிக்கிட்டு வாங்கையா!"

ஒருவரும் மாட்டவில்லை. அரைப் பேருக்காக முனியைப் பகைத்துக்கொள்ள முடியுமா? வெளிநாட்டு ஆபிசர்கள் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவரான கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. நரைத்த மீசையும் ஒடுங்கிய கன்னமுமாக இருந்த அவர், ஆளில்லாமல் கிடந்த அந்தச் செருப்பு வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர்ப் பைகள் பறந்தன. கேடயங்கள் தாங்கின. புகை வந்தது, அடங்கியது. பிறகு பியூகிள் ஊதியது.

இத்தனை வருஷமாகத் தாயம்மாவின் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம் இப்போது முகத்துக்கு நேரே வந்தது. துணியை விரித்தார்கள். கலைந்து போங்கள், இல்லாவிட்டால் சுடுவோம் என்று இந்தத் தடவை தமிழிலும் எழுதியிருந்தது. அவள் அப்பாவைப் போலவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தனியாக முன்னால் நடந்தாள். கல் இருந்த இடத்துக்கு நேராக நின்றாள். நின்று, நெற்றித் துணியை மேலே தள்ளிவிட்டாள்.

சேது பார்த்தான். அவன் பார்த்ததை அவள் பார்த்தாள். அவனுடைய கண் வராந்தாப் பக்கம் போய்த் திரும்பியது. அவள் மனசுக்குள் அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். மகனைத் தடுக்கச் செத்தவரை விட்டால் அவளுக்கு வேறு ஆளில்லை.

"சிவப்புத் துணி, முன்னால்," என்று சேது மலாய் மொழியில் சொல்லிக் கையால் காட்டினான். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னான். குரல் பிசிறில்லாமல், மிக நன்றாக வந்தது.

அவன் பக்கத்தில் நின்ற போலீஸ்காரனின் துப்பாக்கி வெடித்தது. மரத்திலிருந்த மைனாக்கள் மொத்தமாக எழும்பின. சத்தம் கேட்டால் ஓட வேண்டும் என்றுதான் கூட்டத்துக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மர நிழலில் இருந்த சன்னாசிக் கிழவர் அப்படியே தரையோடு தரையாகக் குப்புற விழுந்து, தலையைக் கையால் மூடிக்கொண்டார். நாற்பத்தைந்து வருஷமாகியும் அவர் உடம்பை விட்டு அந்த நாள் போகவில்லை. அவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்கள், சொன்னதை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துப் படுத்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். ஒரு நொடியில் திடல் முழுக்க ஆட்கள் முகம் குப்புறக் கிடந்தார்கள். விழ வேண்டிய ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"விழுங்கம்மா! சுட்டாச்சு, விழுங்க!" ஆர்தர் ஒலிபெருக்கியில் கத்தினார்.

தாயம்மா விழவில்லை.

அடுத்து கேப்டனின் முறை. அவர் தன் இடத்துக்குப் போகவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படுத்துக் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டே நேராக அவளிடம் நடந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஆர்தர் கையசைக்க, சேதுவும் மொழிபெயர்க்க ஓடி வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேப்டனையே பார்த்து நின்றான்.

கேப்டன் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். சேது தமிழில் சொன்னான்.

"இவரு ஊருலயும் சனங்க இப்படித்தான் படுத்தாங்களாம். அப்பறம் தெருவுல செருப்பு மட்டும் கெடந்துச்சாம். சுடச் சொன்னது... இவருதானாம். தூங்குனா அந்தச் செருப்புதான் கனவுல வருதாம்." கேப்டன் இன்னும் ஒன்று கேட்டார். "நீ ஏன் விழலன்னு கேக்குறாரு."

தாயம்மா அந்த மனிதரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு குரலைப் பேயாக நினைத்துப் பயந்தவள் அவள். அந்தக் குரலுக்கும் ஒரு முகம் இருக்கும், அந்த முகமும் தூக்கமில்லாமல் இப்படி வாடியிருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"அவருகிட்ட சொல்லு. இந்த எடத்துல ஒருத்தரு ஏற்கனவே விழுந்துட்டாரு."

சேது சொன்னான். கேப்டன் தலையாட்டினார்.

"இதே மாதிரி பியூகிள் ஊதுனாங்க. இதே மாதிரி துணிய விரிச்சாங்க. அவரு சிவப்புத் துண்டு கட்டியிருந்தாரு. பேசணும்னு கையத் தூக்கிட்டுப் போனாரு. சொல்லு."

சொன்னான்.

"அந்தக் கல்லு முனி இல்ல. அது அந்த ஆளு. பேரு ரெங்கசாமி. என்னைப் பெத்தவரு."

சேது வாயைத் திறந்தான். ஆங்கிலம் வரவில்லை. கேப்டன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுடா அவருக்கு."

"மலேரியான்னு சொன்னியேம்மா..."

"அவருக்குச் சொல்லு மொதல்ல. அவரு கேட்டாருல்ல?"

அவன் சொன்னான். ஒவ்வொரு சொல்லாக, கல்லைப் பெயர்ப்பது போல் பெயர்த்துச் சொன்னான். கேப்டன் கல்லின் பக்கம் திரும்பி, குனிந்து தன் பூட்சின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவருக்கு இந்த ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. கூட்டம் செய்ததைப் பார்த்திருந்தார், அதையே செய்தார்.

அன்றைக்கு வேறு எந்த ஆபிசரும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகவில்லை. வெயில் ஏறிவிட்டது, இதோடு போதும் என்று ஆர்தர் நிறுத்திவிட்டார். படுத்திருந்தவர்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு பொட்டலம் வாங்கப் போனார்கள். என்ன நடந்ததென்று அவர்களுக்குப் பாதிதான் புரிந்தது.

சேதுவும் தாயம்மாவும் மரத்தடியில் நின்றார்கள். அவன் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தான்.

"ஏம்மா சொல்லல? முன்னாடியே சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா என்னடா செஞ்சிருப்பே?"

அவன் கல்லிலிருந்து கையை எடுத்தான்.

"நீ என்னைப் பாத்தே," என்றாள் தாயம்மா.

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தானே சொன்னே?"

"வெறும் சத்தம்தானேன்னு..." அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "ஆமாம்மா. பாத்துட்டுத்தான் சொன்னேன்."

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டது வீணாய்ப் போய்விட்டது என்று அழுதாள். மகன் பொய் சொல்லித் தப்பிக்கவில்லையே என்றும் அழுதாள். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

அப்போது கான்ஸ்டபிள் சில்வெஸ்டர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். சுட்ட காலித் தோட்டாவைப் பொறுக்கும் வேலை அவனுடையது.

"கார்ப்பரல், நீங்க நின்ன எடத்துலதான் கெடந்துச்சு. ஆனா ரெண்டு கெடக்குது."

ஒன்று புதியது, வெயிலில் பளபளத்தது. இன்னொன்று டிராக்டர் சுரண்டிய மண்ணிலிருந்து எழும்பி வந்தது. பாசி பிடித்தது போலப் பச்சையேறி, வாயில் மண் அடைத்துக் கிடந்தது. சேது அதைக் கையில் வாங்கினான். ஆபீஸ் வாசலைத் திரும்பிப் பார்த்தான். தான் நின்ற இடத்தைப் பார்த்தான், பிறகு அங்கிருந்து கல்வரைக்கும் கண்ணால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தான். தாத்தாவைச் சுட்டவனும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

லோரிகள் உறுமத் தொடங்கின. வராந்தாவில் வெள்ளைக்காரரின் பக்கத்தில் நின்றுகொண்டு ஆர்தர் கூப்பிட்டார்.

"சேது! காலித் தோட்டா கணக்கு?"

சேது திடலைக் கடந்து போனான். போகும்போது பூட்ஸைக் கழற்றிச் செருப்புகளின் வரிசையில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு போனான். வராந்தாவின் கீழே விறைப்பாக நின்று சலாம் அடித்தான்.

"ரெண்டு, சார்."

"ரெண்டா? ஒண்ணுதானே சுட்டோம்?"

"இல்ல, சார். ரெண்டு."

அவன் குரல் மரத்தடிவரைக்கும் பிசிறில்லாமல் கேட்டது. பட்டை இனிமேல் வருமோ வராதோ, ஆர்தர் என்ன பதில் சொன்னாரோ, தாயம்மாவின் காதில் எதுவும் விழவில்லை. தலையிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துக் கல்லின்மேல் போட்டாள். குண்டுக்கு விழாமல் நின்றவள் இப்போது அப்பாவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டாள்.